வடிகால் வல்லாரையும் வளர்ப்பு வல்லாரையும்

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வல்லாரையை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. லயத்து வீடுகளின் பின்புறத்திலும், குழாயடியிலும், பால்மர நிரைகளுக்கிடையே ஓடிய வடிகால்களின் கரையிலும் அது விதைப்பாரின்றி, நீர் ஊற்றுவாரின்றிப் படர்ந்து கிடந்தது. பால்மரம் சீவிவிட்டுத் திரும்பும் தாய்மார் மடியில் ஒரு பிடி கிள்ளிக்கொண்டு வருவர். மாலையில் அது துவையலாகும். வீட்டில் தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் ஒரு பிடி இரண்டு பிடியாகும்.

கோலசிலாங்கூர் வட்டாரத்திலும், அதற்கு வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரையிலும், கிழக்கே உலு சிலாங்கூரிலும் உள்ள தோட்டங்களில் இவ்வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. வடிகாலோரத்தில் வல்லாரையைக் கண்டால் கை தானாகவே நீளுகிறது. ஆனால் அந்த வடிகால் பழைய வடிகால்தானா என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. வழியில் முளைத்த வல்லாரையைப் பறித்து உண்பது இன்று தக்கதன்று. அதற்காக வல்லாரையையே கைவிட வேண்டியதுமில்லை. நான்கடி நிலமோ நான்கு தொட்டிகளோ இருந்தால் எவரும் அதை வளர்த்துக்கொள்ளலாம். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் உருவும்

தமிழில் 'ஆரை' என்னும் சொல்லில் முடியும் கீரைப் பெயர்கள் சில உள்ளன. நீரில் வளரும் ஆரைக்கீரை ஒன்று, புளிப்புச் சுவையுடைய புளியாரை ஒன்று, வல்லாரை மற்றொன்று. மூன்றும் தரையோடு படரும் தண்டும், நீண்ட காம்பின் நுனியில் விரிந்த இலையும் உடையவை. ஆதலின் நம் முன்னோர் இவற்றை ஒரு பெயரால் இணைத்தனர் போலும். தாவர நூலார் கண்ணுக்கோ மூன்றும் வெவ்வேறு குடும்பங்கள். ஆரைக்கீரை பூவே பூக்காத பெரணி இனம். வல்லாரையோ கொத்தமல்லி, சீரகம், காரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலையைக் கசக்கி முகர்ந்தால் இவ்வுறவு ஓரளவு புலப்படும்.

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753-இல் இதற்கு ஒரு பெயர் சூட்டினார். பின்னர் 1879-இல் அர்பன் என்னும் ஜெர்மானியத் தாவர நூலார் இதனை வேறோர் இனத்தில் சேர்த்து, 'சென்டெல்லா ஏசியாட்டிகா' என்று வழங்கினார். இன்றளவும் அப்பெயரே நிலைத்துள்ளது. மலாய்க்காரர் இதனைப் 'பெகாகா' என்பர். சிங்களவர் 'கொட்டுகொல' என்பர். வடமொழியில் இதற்கு மண்டூகபர்ணி என்று பெயர். தவளை இலை என்பது அதன் பொருள். ஈரமுள்ள இடமெல்லாம் தவளையும் இருக்கும், வல்லாரையும் இருக்கும் என்பதை எண்ணினால் அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

வல்லாரைக்குப் பூ உண்டா என்று கேட்டால், அதை ஆண்டுக்கணக்கில் உண்டவர்கள்கூடத் தயங்குவார்கள். உண்டு, ஆனால் அது மறைவாகப் பூக்கும். இலைக்காம்பைவிடக் குட்டையான காம்பில், தரையையொட்டி, மூன்று நான்கு சிறு பூக்கள் கொத்தாக இருக்கும். நிறம் வெளிறிய செந்நீலம், இதழ்கள் ஐந்து. இலைகளை விலக்கிக் குனிந்து பார்த்தாலன்றிக் கண்ணில் படா. வகுப்பு மாணவரை அழைத்துச் சென்று, 'பூவைக் கண்டுபிடியுங்கள்' என்று ஒரு வல்லாரைப் பாத்தியின் முன் நிறுத்துவது நல்லதொரு தாவரப் பாடமாகும்.

போலிகளை அறிதல்

வளர்க்கத் தொடங்குமுன் நாம் வைத்திருப்பது வல்லாரைதானா என்று தெளிதல் வேண்டும். அலங்காரச் செடியாகக் கடைகளில் விற்கும் ஒரு செடி, வட்டமான பளபளப்பான இலையுடன் வல்லாரை போலவே தோன்றும். வேறுபாட்டை அறிவது எளிது. அதன் காம்பு குடைக்கம்பி போல இலையின் நடுவில் வந்து பொருந்தும். வல்லாரை இலையோ சிறுநீரக வடிவுடையது. அதன் காம்பு, இலையின் ஒரு புறத்தில் உள்ள வெட்டிய பள்ளத்தில் சேரும். இலையின் விளிம்பில் மழுங்கிய பற்கள் இருக்கும்.

நீர்ப்பிரமி என்பது மற்றொரு செடி. சிறிய, தடித்த, பள்ளமற்ற இலையுடையது. இந்தியாவின் சில பகுதிகளில் வல்லாரையையும், வேறு சில பகுதிகளில் நீர்ப்பிரமியையும் 'பிராமி' என்று அழைப்பதால் மருந்துக் கடைகளில் குழப்பம் நேர்வதுண்டு. பொட்டலத்தின் மேலுள்ள பெயரை மட்டும் நம்பாமல் இலையைப் பார்த்து அறிவதே நலம்.

தோட்டமும் களையும்

வல்லாரையின் கதையைத் தோட்டங்களின் கதையிலிருந்து பிரிக்க முடியாது. கோலசிலாங்கூர் வட்டாரம் முதலில் காப்பியும் தென்னையும், பின்னர் ரப்பரும், இன்று பெரும்பாலும் செம்பனையும் விளையும் நிலம். மலாயாவில் வணிக நோக்குடன் செம்பனை முதன்முதலாக நடப்பெற்றது இவ்வட்டாரத்தில்தான். பிரெஞ்சுக்காரரான ஆன்றி பொக்கோன்னியே 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே, தென்னமரம் என்னும் தோட்டத்தில் அதனைத் தொடங்கினார். மலாயா வாழ்வை வைத்து அவர் எழுதிய நாவல் 1930-இல் பிரான்சின் கொங்கூர் பரிசைப் பெற்றது. தோட்டத்தின் பெயரில் நம் மொழியே ஒலிப்பதை வாசகர் கவனித்திருப்பர். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது.

ரப்பர்த் தோட்டங்களின் தொடக்க காலத்தில், மரங்களுக்கிடையே ஒரு புல்லும் நில்லாதபடி மண் தெரியச் செதுக்கி வைப்பதே ஒழுங்கு என்று கருதப்பட்டது. அந்தப் புல்வெட்டு வேலையில் நம் தாய்மார் முதுகு வளைந்தனர். மழையில் மேல்மண் கரைந்தோடியதைக் கண்ட பிறகே அம்முறை தவறென்று உணர்ந்தனர். பின்னர் நிலத்தை மூடிக் காக்கும் அவரை இனக் கொடிகளை விதைத்து வளர்க்கலாயினர். வல்லாரை இக்கொடிகளைப் போல் உரமூட்டுவதன்று; லாலாங் புல்லைப் போல் மரத்தோடு போட்டியிடுவதுமன்று. மண்ணைப் பிடித்துக்கொண்டு அடக்கமாகக் கிடப்பது. ஆயினும் மருந்து தெளிக்கும் குழாய்க்கு நல்ல செடி எது, தீய செடி எது என்று தெரியுமா?

1950-களில் ரப்பர்த் தோட்டங்களில் களைகளைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட்டு பெருமளவில் பயன்பட்டது. அது ஆர்செனிக் என்னும் நஞ்சின் உப்பு. 1960-களில் பாரக்குவாட் வந்தது. அதன்பின் கிளைபோசேட்டு முதலியன வந்தன. முதுகில் தொட்டியைச் சுமந்து 'மருந்தடி' வேலை செய்தவருள் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். நகம் சொத்தையாகி விழுதல், மூக்கில் குருதி வடிதல், தோல் வெந்துபோதல் ஆகியவற்றை அவர்கள் அனுபவித்தனர். அவர்களின் நிலையை ஆராய்ந்து, தெனாகனித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிகொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டில் மலேசியப் பூச்சிகொல்லி வாரியம் பாரக்குவாட்டைப் படிப்படியாக நீக்க முடிவு செய்தது. 2006-இல் அத்தடை தளர்த்தப்பட்டது. முழுத்தடை நடைமுறைக்கு வந்தது 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில்தான்.

பாரக்குவாட் போயிற்று, களைக்கொல்லி போகவில்லை. மருந்தடித்த நிரையின் ஓரத்திலே வல்லாரை இருக்குமாயின், அதன் இலைமேல் என்ன விழுந்தது, என்று விழுந்தது என்பதைப் பறிப்பவர் அறியார். தொட்ட இடத்தை மட்டும் கருக்கும் மருந்தாயின் வல்லாரை முற்றும் சாவதில்லை. கணுவிலிருந்து மீண்டும் தளிர்க்கும். அத்தளிரின் பசுமையைக் கண்டு, இது தூய்மையானது என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

வேர் எதனை ஏற்கிறது?

இலைமேல் விழுவது ஒருபுறமிருக்க, வேர் வழியாக ஏறுவதும் உண்டு. வல்லாரை தான் நிற்கும் மண்ணில் உள்ள உலோகங்களை ஈர்த்துக்கொள்ளும் தன்மையுடையது. புத்ரா மலேசியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓரிடத்து மண்ணில் உலோக மாசு எவ்வளவு என்பதை அறிவதற்கு வல்லாரையையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்று ஆய்ந்து எழுதியுள்ளனர். மண்ணில் மாசு மிகுந்தால் செடியிலும் மிகுகிறது. வேரில் கூடுதலாகத் தங்குகிறது.

இச்செய்தி நம் வட்டாரத்திற்கு மிக நெருங்கியது. பெஸ்தாரி ஜெயாப் பகுதியில் முன்பு ஈயச் சுரங்கங்கள் இருந்தன. அச்சுரங்கக் குட்டைகளிலும் அவற்றைச் சார்ந்த நீர்நிலைகளிலும் காரீயம், ஆர்செனிக் முதலியவை தங்கியிருத்தலை மலாயாப் பல்கலைக்கழகத்தார் ஆய்ந்துள்ளனர். பழைய சுரங்கத்து நீர் வழியும் கால்வாய், வண்டிகள் மிகுதியாக ஓடும் சாலையோரம், தொழிற்சாலைக் கழிவு கலக்கும் ஓடை ஆகிய இடங்களில் வல்லாரை செழித்திருப்பினும் அதனைத் தொடாதிருத்தலே அறிவுடைமை. அதன் செழிப்பு நீரைக் காட்டுவது. நீரின் தூய்மையைக் காட்டுவதன்று.

இன்னொன்றும் உண்டு. வடிகாலில் எலியின் சிறுநீரும் மாட்டுச் சாணமும் கலக்கும். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. வல்லாரையை நாம் பெரும்பாலும் பச்சையாகவே உண்பதால் இதனைச் சிறு பிழை என்று விட்டுவிட இயலாது.

வளர்க்கும் முறை

இனி வளர்ப்பு முறையைக் காண்போம். வல்லாரைக்கு விதை தேடி அலைய வேண்டாம். அது ஓடுதண்டால் பெருகும் செடி. ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கி இலை எழும். இரண்டு மூன்று கணுக்களும் சிறிது வேரும் உள்ள துண்டுகளை வெட்டி நட்டால் போதும். சந்தையில் வேரோடு விற்கும் கட்டொன்று வாங்கினால், இலையைக் கறிக்கு எடுத்துக்கொண்டு அடித்தண்டை நட்டுவிடலாம். மாசுபட்ட இடத்திலிருந்து எடுத்த செடியானால், பழைய இலையையும் வேரையும் கழித்து, இளந்தண்டை மட்டும் நட்டு, பிறகு தோன்றும் புதிய ஓடுதண்டுகளிலிருந்து பாத்தியை அமைப்பது நன்று.

நிலத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். கோலசிலாங்கூரின் கரையோரத்தில் கனத்த களிமண். உள்ளே, தஞ்சோங் காராங் பக்கத்தில், 'தானா காம்புட்' என்னும் கரிமண். உலு சிலாங்கூர் மேட்டில் செம்மண். களிமண்ணில் மணலும் மட்கிய உரமும் கலந்து, பாத்தியை அரையடி உயர்த்த வேண்டும். வல்லாரை ஈரத்தை விரும்பும். ஆனால் தேங்கிய நீரில் அதன் வேர் அழுகும். கரிமண் மிகுந்த புளிப்புடையது. அதனால் டோலமைட்டு அல்லது சுண்ணாம்புத் தூளைத் தூவி, இரண்டு வாரம் கழித்தே நட வேண்டும். செம்மண்ணுக்கு மாட்டெருவும் இலைமக்கும் ஏராளமாகத் தேவை. எந்த மண்ணாயினும் முன்பு மருந்துக் கலன்களைக் கழுவிய இடம், குப்பை எரித்த இடம், வண்டி பழுதுபார்த்த இடம் ஆகியவற்றை விலக்குக.

தொட்டியில் வளர்ப்போர் மேல்மண் மூன்று பங்கு, நன்கு மட்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளலாம். இக்கலவையே நம் நாட்டு நாற்றங்கால்களில் வழக்கமாக உள்ளது. அடுக்குமாடி வீட்டின் நடைவழியில் ஒரு நீண்ட தொட்டி வைக்க இடமிருந்தாலும் வல்லாரை வளரும். தோட்டம் மூடப்பட்டு, லயத்தை விட்டு மாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு இது ஏற்ற கீரை. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்க விடலாகாது. ஏடிசுக் கொசுவுக்கு அதுவே தொட்டிலாகிவிடும். தட்டில் மணலை நிரப்பிவிட்டால் இத்தொல்லை இல்லை.

நடும் இடைவெளி ஏறத்தாழ 15 செ.மீ. மாலையில் நட்டு, முதல் வாரம் நிழலில் வைத்து, நாள்தோறும் இருமுறை நீர் தெளிக்க வேண்டும். வேர் பிடித்தபின் காலையில் ஒருமுறை போதும்; மழை குறையும் சூன், சூலைத் திங்களில் மாலையிலும் தெளிக்கலாம். பயன்படுத்துவது குழாய் நீரோ, கூரையிலிருந்து பிடித்த மழைநீரோ ஆகட்டும்; வடிகால் நீரை மொண்டு ஊற்றினால், இவ்வளவு முயற்சியும் வீணாகும்.

வெயிலும் நிழலும் வல்லாரையின் உருவையே மாற்றவல்லவை. முழு வெயிலில் இலை சிறுத்து, காம்பு சிவந்து, கசப்பு மிகும். அரைநிழலில் இலை அகன்று, காம்பு நீண்டு, மென்மையாகும். முருங்கையோ வாழையோ நிற்கும் இடத்தின் கீழ்ப்புறம், அதாவது காலை வெயில் பட்டுப் பிற்பகல் நிழல் விழும் இடம், மிகச் சிறந்தது. அத்தகைய இடம் இல்லையெனில் பாதி ஒளியைத் தடுக்கும் கறுப்பு வலையைக் கட்டலாம்.

பேணுதல்

தொடக்கத்தில் வல்லாரைக்கு எதிரி களைதான். தானே களையாகக் கருதப்பட்ட செடிக்கு வேறொரு களை எதிரியாவது வேடிக்கையே. முதல் ஆறு வாரம் கையாலேயே களை பறிக்க வேண்டும். அதன்பின் ஓடுதண்டுகள் பின்னிப் பாய் விரித்தாற்போல் நிலத்தை மூடிவிடும். வேறு செடி முளைக்க இடமிராது. பாத்திக்கும் நடைபாதைக்கும் இடையே ஒரு செங்கல் வரிசை வைத்தால் வல்லாரை எல்லை கடந்து ஓடாது.

மழைக்காலத்தில் நத்தையும் இலைதின்னும் புழுவும் வரும். விடியலிலோ இரவில் விளக்குடனோ சென்று கையால் பொறுக்கி எடுப்பதே உத்தமம். பச்சையாக உண்ணும் கீரைக்கு நஞ்சு தெளிப்பது, நாம் எதற்கு அஞ்சி வடிகாலை விட்டு வந்தோமோ அதனையே வீட்டுக்கு அழைத்து வருவதாகும். இலையில் புள்ளி விழுந்தால் அவ்விலைகளைக் கிள்ளி அகற்றி, நெருக்கத்தைக் குறைத்து, காற்றோட்டம் தருக. மாதம் ஒருமுறை மட்கிய எருவை இலைகளுக்கிடையே மெல்லத் தூவலாம். பச்சைச் சாணத்தை ஒருபோதும் இடலாகாது.

ஓராண்டு ஆனபின் தண்டுகள் மேலும் மேலும் ஏறி, வேர் மண்ணைத் தொடாமல் செடி மெலியும். அப்பொழுது பாத்தியைக் கலைத்து, எருவிட்டு, இளந்தண்டுகளை மீண்டும் நட வேண்டும். மிகுந்ததை அயலாருக்குக் கொடுக்கலாம். வல்லாரை கொடுக்கக் குறையாத செல்வம்.

அறுவடையும் உணவும்

நட்ட இரண்டு முதல் மூன்று மாதங்களில் முதல் அறுவடை கிடைக்கும். செடியை வேரோடு பிடுங்காமல் காம்போடு இலையை மட்டும் கத்தரியால் அறுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கையேனும் விட்டுவைத்தால் விரைவில் மீண்டும் தழைக்கும். பறித்ததை ஓடும் நீரில், ஒவ்வோர் இலையாக, பின்புறமும் படும்படி கழுவுக.

உண்ணும் வகை பலவாகும். நம்மவர் தேங்காய், மிளகாய், புளியுடன் அரைத்துத் துவையலாக்குவர். இலங்கைத் தமிழர் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு கலந்து சம்பலாக்குவர். மலாய்க்காரர் 'ஊலாம்' என்று பச்சையாகவே சம்பல் பெலாச்சானில் தொட்டு உண்பர். வியட்நாமியர் அரைத்துச் சாறாகப் பருகுவர். ஒரே கீரை இத்தனை இனத்தாரின் இலையிலும் இடம் பெற்றிருத்தல், பல்லினம் வாழும் நம் நாட்டு மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தியன்றோ?

நினைவாற்றல் பெருகுமா?

ஆசிரியர்கள் எதிர்பார்க்கும் வினாவும் இதுவே. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் வல்லாரையை அறிவுக்கு வலிமை தரும் மூலிகையாகப் போற்றுகின்றன. புண் ஆற்றுவதில் அதற்குள்ள ஆற்றலுக்கு இக்கால ஆய்வுகள் ஓரளவு சான்று காட்டுகின்றன. ஆசியாட்டிகோசைடு என்னும் பொருளே அதற்குக் காரணமானவற்றுள் தலையாயது. உலக நலவாழ்வு நிறுவனம் 1999-இல் வெளியிட்ட மூலிகைத் தொகுப்பிலும் வல்லாரை இடம்பெற்றுள்ளது.

நினைவாற்றலைப் பொறுத்தவரை நிலைமை வேறு. மனிதரிடம் நடந்த சோதனைகளை ஒன்றுதிரட்டி ஆய்ந்து 2017-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, வல்லாரை அறிவாற்றலைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை என்று முடித்தது. மனத்தெளிவும் சுறுசுறுப்பும் சற்றே கூடலாம் என்று மட்டும் கண்டது. ஆகவே, 'வல்லாரை தின்றால் பாடம் தானே ஏறும்' என்று மாணவரிடம் சொல்லுதல் முறையன்று. படித்த பிள்ளைக்கு அது நல்ல கீரை; படியாத பிள்ளைக்கும் அது நல்ல கீரையே.

அளவும் அறிய வேண்டும். கீரையாக வாரம் சில முறை உண்பது வேறு; மாத்திரையாகவும் சாறாகவும் நாள்தோறும் மிகுதியாக உண்பது வேறு. வல்லாரை மாத்திரையைச் சில வாரங்கள் தொடர்ந்து உண்ட மூவருக்குக் கல்லீரல் நோய் கண்டதாக அர்ஜென்டினா மருத்துவர்கள் 2005-இல் எழுதினர். அது அரிதாக நேர்வதே. எனினும் கருவுற்ற பெண்களும், கல்லீரல் நோயுடையோரும், நாள்தோறும் மருந்து உண்போரும் இதனை மருந்தளவில் எடுத்துக்கொள்ளுமுன் மருத்துவரைக் கேட்பது கடன்.

பள்ளியில் ஒரு பாத்தி

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் இன்றும் சிறிது நிலம் உண்டு. ஆறடி நீளமும் மூன்றடி அகலமுமுள்ள ஒரு பாத்தியை வல்லாரைக்கு ஒதுக்கினால், அறிவியல் ஆசிரியர்க்கு ஓடுதண்டும் பூங்கொத்தும் காட்டலாம். தமிழாசிரியர்க்கு ஆரை, புளியாரை, வல்லாரை என்று சொல்லாராய்ச்சி செய்யலாம். ஒரு பகுதிக்கு வலை கட்டி, மறுபகுதியை வெயிலில் விட்டு, இலையின் அகலத்தை வாரந்தோறும் அளந்து எழுதச் செய்தால் மாணவர் ஆராய்ச்சியின் சுவையை அறிவர்.

ஆண்டிறுதியில் பாத்தியைப் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இரண்டு கணுத் தண்டு கொடுத்தனுப்புங்கள். அதனோடு ஒரு சொல்லும் கொடுத்தனுப்புங்கள்: 'பாட்டி வடிகாலில் பறித்தார், நீ தொட்டியில் வளர்.' பாட்டி செய்தது தவறன்று. அவர் காலத்து ஏழ்மையில் அந்த ஒரு பிடி கீரை பெரிய துணை. ஆயின் அதே பாட்டியோ அம்மாவோ மருந்துத் தொட்டியைச் சுமந்து அந்த வடிகாலோரமே நடந்தவராயிருத்தல் கூடும். அங்கே என்ன தெளிக்கப்பட்டது என்பதை நம்மைவிட அவர் நன்கறிவார். அவரிடமே கேளுங்கள். 'அதில் பறிக்காதே' என்று முதலில் சொல்பவர் அவராகவே இருப்பார்.